வலப்பக்கம் வளையும் பந்து

கோல்ஃபில் தூர அடிக்கு எடுக்கும் மட்டையான டிரைவரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே குறைதான். பந்து ஒழுங்காகக் கிளம்புகிறது, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் சாய்ந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. வங்காளியோ மார்வாடியோ லேக் மார்க்கெட் தமிழரோ, எல்லோரும் கையைக் காற்றில் வீசி அதே வளைவை வரைந்து காட்டுவார்கள். இதற்குப் பெயர் ஸ்லைஸ். இடக்கை ஆட்டக்காரருக்கு இதே குறை இடப்பக்கம் வரும். கொல்கத்தாவின் தென்புறத்தில், டாலிகஞ்சுக்குப் பக்கத்தில், பல வருடங்களாக நான் பார்த்துவரும் வேலை இந்த வளைவை எடுப்பதுதான்.

வந்ததும் அவர்களே வைத்தியமும் சொல்வார்கள். "தலையைத் தூக்கிடறேன் போல", "தோள் சரியா திரும்பலை", "ரொம்ப வேகமா சுத்தறேன்." நண்பர் சொன்னது, வீடியோவில் பார்த்தது என்று ஒரு மூட்டை இருக்கும். நான் எதையும் மறுப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பந்து அடிக்கச் சொல்லிவிட்டு அவருக்கு நேர் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆளைப் பார்க்க மாட்டேன், பந்தைப் பார்ப்பேன்.

இது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் வழி. சிறு வயதில் கேடியாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து, பின்னாளில் பயிற்சியாளரானவர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். வீடியோ, ரேடார் எதுவும் இல்லாத காலம். ஆட்டக்காரர் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உஸ்தாத் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பல்டா கீ போல்ச்சே?" பந்து என்ன சொல்கிறது? பதில் வரும்வரை அடுத்த பந்தை டீ என்ற சிறு முளையில் வைக்க விடமாட்டார். என் தொழிலில் நான் நம்புவதும் இது ஒன்றைத்தான். ஸ்லைஸ்காரர்கள் தங்கள் உடம்புக்குள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். விடை வெளியே, காற்றில், எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.

டிரைவரின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்துக்குப் போய்ச் சேரும் செய்திகள் மிகச் சில: மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, மட்டை எந்தப் பாதையில் வந்தது, முகத்தின் எந்த இடம் பட்டது, மேலேறி வந்ததா கீழிறங்கி வந்ததா, என்ன வேகம். தோளும் இடுப்பும் முழங்காலும் இந்தச் செய்திகளை உண்டாக்கலாம். ஆனால் அவை எதுவும் நேராகப் பந்தோடு பேசுவதில்லை.

இதில் பழைய பாடம் ஒன்று தலைகீழாக இருந்தது. மட்டை வரும் பாதையில் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் திசையில் போய் முடியும் என்றுதான் பயிற்சியாளர்களுக்கு நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். தியடோர் ஜார்கென்சன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 1990களிலேயே கணக்குப் போட்டு இது தவறென்று விளக்கிவிட்டார். 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய ட்ராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்தபிறகுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். டிரைவரில் பந்து கிளம்பும் திசையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் முகத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வரும் வளைவு, முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்து பிறக்கிறது. பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும்.

இது தெரிந்ததும் ஒரே பெயரில் இருந்த நோய் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகமும் இடப்பக்கம்தான் பார்த்தது, பாதை அதைவிட அதிகமாக இடப்பக்கம் வெட்டிப் போயிருக்கிறது. நேராகக் கிளம்பி வளைந்தால் முகத்தில் பெரிய குற்றம் இல்லை, பாதையைத் திருத்த வேண்டும். கிளம்பும்போதே வலப்பக்கம் போய், அங்கிருந்து இன்னும் வலப்பக்கம் வளைந்தால் முகம் அகலத் திறந்திருக்கிறது, முதலில் கையைப் பார்க்க வேண்டும். முதலாமவருக்குச் சொல்லும் மருந்தை மூன்றாமவருக்குச் சொன்னால் பந்து பக்கத்து ஃபேர்வேயில், அதாவது வேறொரு புல்பாதையில், போய் விழும். நண்பர்களின் யோசனை பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். யோசனை தவறாக இருக்காது, வேறொருவருடைய பந்துக்கு உரியதாக இருக்கும்.

ஸ்லைஸ் தானாக வளரும் குறை. பந்து வலப்பக்கம் போகிறதே என்று மனிதர் மெல்ல மெல்ல இடப்பக்கம் குறிவைக்கத் தொடங்குவார். கால்கள் திரும்பும், தோளும் திரும்பும். தோள் திரும்பியதும் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டி இறங்கும். பாதைக்கும் முகத்துக்கும் இடைவெளி கூடும், வளைவு இன்னும் பெரிதாகும். உடனே இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவார். இப்படியே போய், கிளப் ஹவுஸைக் குறிவைத்து நின்று ஃபேர்வேயின் நடுவில் பந்தைப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. கண் சொன்னதை உடம்பு கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கையிலிருந்து தொடங்குவோம். மட்டையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு விரல்முட்டிகளாவது தெரிய வேண்டும். ஸ்லைஸ்காரருக்கு மூன்று தெரியும்படி வைப்பேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விழும் கோடு வலத்தோளை நோக்க வேண்டும். வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கோடு முகவாயையோ இடத்தோளையோ பார்த்துக்கொண்டிருக்கும். மட்டை உள்ளங்கையில் படுத்திருக்கும், விரல்களில் இருக்காது. இப்படிப் பிடித்தவர் எத்தனை சிறப்பாகத் தோளைத் திருப்பினாலும் முகம் நேரத்துக்கு மூடாது.

கொல்கத்தாவில் இதற்கு இரண்டு உள்ளூர்க் காரணங்கள் உண்டு. ஒன்று கிரிக்கெட். இங்கே மைதானத்திலும் சந்துகளிலும் பேட் பிடித்து வளராத ஆண்பிள்ளை அபூர்வம். நல்ல கிரிக்கெட் கோச் பையனுக்குச் சொல்வது, பேட்டின் முழு முகத்தைக் காட்டு, மேல்கையால் நடத்து, கீழ்கையை அடக்கு. கவர் டிரைவுக்கு அது உயிர். கோல்ஃபுக்கு அதுவே இடைஞ்சல். இங்கே பந்தைத் தாண்டியதும் முன்கைகள் உருள வேண்டும். இடுப்பு உயரத்தில் மட்டையை நிறுத்தினால் அதன் தலையின் வெளிநுனியான டோ வானத்தை நோக்கி நிற்க வேண்டும். பழைய பேட்ஸ்மேனுக்கு அங்கே டோவுக்குப் பதில் முகமே வானத்தைப் பார்க்கும். லீக்கில் நன்றாக ஆடியவராக இருந்தால் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக இருக்கும். இவர்களிடம் நான் கவர் டிரைவைப் பற்றிப் பேசுவதே இல்லை. "ஸ்கொயர் லெக் பக்கம் புல் பண்ணுங்க" என்பேன். பந்தே இல்லாமல், மட்டையை மார்பு உயரத்தில் கிடையாகச் சுழற்றச் சொல்வேன். அந்த உயரத்தில் கைகள் தாமாக உருளும். பிறகு மெல்ல மெல்ல இடுப்பைச் சாய்த்து, அதே சுழற்சியைத் தரைக்குக் கொண்டுவருவோம்.

இரண்டாவது காரணம் வியர்வை. மார்ச் முடிந்ததிலிருந்து துர்கா பூஜை வரை இந்த ஊரில் கை காய்வதில்லை. மட்டையின் கைப்பிடியான கிரிப் வழுக்கும். வழுக்கினால் இறுக்குவார்கள். இறுக்கினால் மணிக்கட்டும் முன்கையும் கட்டையாகிவிடும், முகம் திறந்தபடியே வந்து சேரும். ஜனவரியில் நேராக அடித்தவர் ஜூனில் ஸ்லைஸோடு வந்தால் நான் ஸ்விங்கைத் தொடுவதற்கு முன்னால் கிரிப்பைத் தொட்டுப் பார்ப்பேன். தேய்ந்து பளபளவென்று கண்ணாடியாகியிருக்கும். புது ரப்பர் கிரிப் போடச் சொல்வேன். இரண்டு கையுறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உலரவைக்கச் சொல்வேன். நம் கேடிகளின் தோளில் எப்போதும் ஒரு கம்ச்சாத் துண்டு கிடக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் அவர்கள் கிரிப்பைத் துடைத்துக் கொடுப்பதை மரியாதைக்காகச் செய்வதாக உறுப்பினர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது ஸ்லைஸுக்கு முதல் மருந்து. கை கொப்பளித்துவிட்டதென்று பலர் போரோலின் களிம்பு தடவிக்கொண்டு வருவார்கள். ராத்திரி தடவிக்கொள்ளுங்கள், பயிற்சி ரேஞ்சுக்கு வரும்போது கை சுத்தமாக இருக்கட்டும் என்பேன்.

அடுத்து, முகத்தில் பந்து எங்கே படுகிறது என்ற கேள்வி. டிரைவரின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தட்டிவிட்டு ஐந்தாறு பந்து அடித்தால் போதும், பட்ட இடம் வட்டமாகத் தெரியும். டிரைவரின் முகம் தட்டையானதல்ல, மெல்லப் புடைத்தது. கோலை ஒட்டிய ஹீல் பக்கம் பட்டால் மட்டையின் தலை திருகி, பந்துக்கு வலப்பக்கச் சுழற்சியைக் கூட்டும். டோ பக்கம் பட்டால் எதிர்ச்சுழற்சி. பாதையும் முகமும் ஓரளவு நன்றாக இருந்தும் ஸ்லைஸ் போகாதவர்களுக்குப் பவுடர் வட்டம் ஹீலில் இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஸ்விங் பாடம் வேண்டாம். பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நிற்கச் சொல்வேன், அல்லது எடை முன்பாதத்தில் சரிவதை நிறுத்தச் சொல்வேன். மட்டையின் நீளத்தையும் அளந்து பார்ப்பேன். கடையில் வாங்கும் டிரைவர்கள் 45 அங்குலத்தையும் தாண்டி நீண்டுவிட்டன. நீளம் கூடக்கூட நடுமுகத்தில் அடிப்பது கஷ்டம். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் கீழே பிடிப்பதே சிலருக்குப் போதும்.

கருவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது டிகிரி லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) கொண்ட டிரைவர் வைத்திருப்பதில் ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. லாஃப்ட் குறைந்தால் பின்சுழற்சி குறையும், அதே முகக் கோளாறுக்குப் பக்கவாட்டுச் சாய்வு அதிகமாகும். பத்தரை, பன்னிரண்டு டிகிரியில் அதே ஸ்விங் குறைந்த வளைவோடு போகும், மிதமான வேகக்காரருக்குத் தூரமும் கூடும். ஒரு பெண்மணி வந்தார். கணவருடைய டிரைவரைத் தூக்கிக்கொண்டு, "உனக்குச் சக்தி போதாது" என்று எல்லோரும் சொன்னதை நம்பிக்கொண்டு வந்தார். ஷாஃப்ட் அவருக்கு மிகக் கனம், மிக விறைப்பு. அந்தக் கோலை யார் அந்த வேகத்தில் சுழற்றினாலும் முகம் மூடியிராது. அவருக்கேற்ற மட்டையைக் கையில் கொடுத்ததும் முதல் சில பந்துகளிலேயே வளைவு பாதியானது. சக்தியைப் பற்றி அவரிடம் பேசியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

டீயின் உயரம், பந்தின் இடம் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். மட்டையைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதன் தலைக்கு மேலே தெரிய வேண்டும். பந்து இடது குதிகாலுக்கு உட்பக்கமாக இருக்கட்டும். அதையும் தாண்டி முன்னால் வைத்தால் தோள் திறந்துகொள்ளும், மட்டை ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் பந்தைச் சந்திக்கும். டிரைவர் மேலேறும் வழியில் பந்தை எடுக்க வேண்டும். அதற்கு நெஞ்சு பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். தலையின் மேற்புறத்தில் டீயின் கீறல்கள் விழுந்த டிரைவரைக் கண்டால், அவர் மேலிருந்து கொத்துகிறார் என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

பாதையை மாற்றுவதுதான் கடினம். அது விளக்கத்தால் மாறுவதில்லை. லேக் மார்க்கெட்டில் நெடுநாளாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் வருகிறார். வயது எழுபதுக்குப் பக்கம். அவருடைய பந்து எப்போதும் இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும். பொறியாளர், அதனால் முகம்-பாதைக் கணக்கை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். ஸ்விங் மட்டும் மாறவில்லை.

"சார், இன்னைக்கு நேரா அடிக்க வேண்டாம்" என்றேன். "ஹூக் அடிச்சுக் காட்டுங்க. அந்த இடப்பக்க வேலிக்குள்ள பந்து வளைஞ்சு போகணும்."

"தம்பி, நான் நேரா அடிக்கக் கத்துக்க வந்திருக்கேன். நீங்க இன்னொரு தப்பைக் கத்துக்கொடுக்கறீங்களே?"

"வலப்பக்கத் தப்பு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும் சார். இடப்பக்கமும் தெரிஞ்சாத்தான் நடு எங்கேன்னு கை கண்டுபிடிக்கும்."

பந்துக்கு அப்பால் நான்கு விரல்கடை தள்ளி, சற்றுப் பின்னால், ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தேன். வெளியிலிருந்து வெட்டி இறங்கினால் மட்டை பெட்டியில் படும். வலக்காலை ஒரு பாத அளவு பின்னால் இழுத்து வைக்கச் சொன்னேன். முதலில் ஏழாம் ஐயன் என்ற குட்டை மட்டை, அரை ஸ்விங். பெட்டி பறந்தது, திரும்ப வைத்தேன். மறுபடி பறந்தது. உள்ளிருந்து வர வேண்டும் என்று உடம்புக்குப் புரிந்தபோது முதல் பந்து வலப்பக்கம் கிளம்பி அங்கேயே போய் விழுந்தது. பாதை மாறிவிட்டது, கை இன்னும் உருளவில்லை. "இப்போ கையை உருட்டுங்க" என்றேன். சில வாரங்களுக்குப் பிறகு, டிரைவரிலேயே, வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் மடங்கி வேலியில் மோதிய பந்து ஒன்று வந்தது. வாழ்க்கையில் அவர் அடித்த முதல் ஹூக். திரும்பி என்னைப் பார்த்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கெடுக்கத் தெரிந்துகொண்டவரின் பெருமை அது. தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது இதுதான், நேராகப் போகும் முதல் பந்தைவிடவும்.

தூரத்தைப் பற்றி இந்த ஊர் கற்றுக்கொடுப்பது ஒன்று உண்டு. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் டம்டமில் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. இப்போதிருக்கும் டாலிகஞ்ச் திடல் தட்டையானது, ஏற்ற இறக்கம் இல்லை. அந்தக் குறையைக் குளங்கள் நிரப்புகின்றன. டீயிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாத இடத்திலும் பந்து போய் விழுகிற இடத்தில் தண்ணீர் இருக்கும். முப்பது கஜம் கூடுதலாக அடித்து குளத்தில் போடுகிறவரைவிட, குறைவாக அடித்துப் புல்லில் போடுகிறவர்தான் இங்கே ஜெயிப்பார். இந்தத் திடலில் பசும்புல் பராமரிப்பாளராக இருந்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. யாரிடமும் முறையாகப் படிக்காமல், ஆடுகிறவர்களைப் பார்த்தே கற்றவர். நீண்ட டிரைவுக்குப் பேர் போனவர் அல்ல. குழிக்கருகே ஆடும் சிப், பட் என்ற சிறு அடிகள்தான் அவர் பலம், அவற்றையே வைத்துச் சக ஆட்டக்காரர்கள் அவருக்குச் செல்லப்பெயரும் சூட்டினார்கள். 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016இலும் 2017இலும் தொடர்ந்து இந்தியன் ஓப்பன் என்று வென்றார். குர்கானில் நடந்த 2017 போட்டித் திடல் மிகக் கடினமானது, நீண்ட தூரம் அடிப்பவர்களையே தடுமாறவைத்தது. அங்கே அவர் ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே ஊரில் ஆட்டத்தைக் கற்ற அர்ஜுன் அத்வால் 2010இல் அமெரிக்காவில் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூரில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். என்னிடம் வரும் பையன்கள் அத்வாலைப் போல அடிக்க ஆசைப்படுவார்கள். சௌராசியாவின் டீ ஷாட்டைப் போய்ப் பாருங்கள் என்று நான் அனுப்புவேன்.

   

பருவத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். மழைக்காலத்தில் காற்று கனமாகிவிடுகிறது, அதனால்தான் பந்து போவதில்லை என்பார்கள். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசானது. டிசம்பர் காலையின் குளிர்ந்த காற்றுதான் பந்தைப் பிடித்து நிறுத்தும். மழைக்காலத்தில் குறைவது பந்து விழுந்த பிறகு உருளும் தூரம். ஊறிய தரையில் விழுந்த இடத்திலேயே நிற்கும். காற்றைக் குற்றம் சொல்லி இன்னும் பலமாகச் சுழற்றத் தொடங்கினால் ஸ்லைஸ் திரும்பி வந்துவிடும். மழைக்காலத்துக்கு லாஃப்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், காற்றிலேயே தூரத்தை வாங்குங்கள்.

ரேஞ்சில் ஒரு மணி நேரம் இருக்கிறதென்றால் டிரைவருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஏழாம் ஐயனில் அரை ஸ்விங்காகத் தொடங்குங்கள். டிரைவரை எடுத்ததும் ஒவ்வொரு பந்துக்கும் கிளம்பிய திசையை ஒரு வார்த்தையில் வாய்விட்டுச் சொல்லுங்கள், வளைந்த பக்கத்தை இன்னொரு வார்த்தையில். மூன்று பந்து ஒரே பதிலைச் சொல்லும்வரை எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

லேக் மார்க்கெட் பெரியவருக்கு இப்போது ஹூக் நிற்கவில்லை. போன வாரம் திடலில் மூன்று பந்துகளை இடப்பக்கக் குளத்தில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, வியாதி மாறிடுச்சு" என்றார். பந்து எப்படிக் கிளம்புகிறது என்று கேட்டேன். நேராகத்தான், அப்புறம் மடங்குகிறது என்றார். அப்படியானால் முகம் நல்லபடியாகவே வருகிறது, பாதைதான் வலப்பக்கம் கூடிப்போயிருக்கிறது. பின்னால் இழுத்த வலக்காலை அவர் இன்னும் முன்னால் கொண்டுவரவில்லை என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை காலை வருகிறார். முதலில் கால்களை இலக்குக்கு இணையாக வைத்து ஐந்து பந்து அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.